ஆங்கிலத்தில் எல்லாமே ‘டேக்’, ஸ்பானிய மொழியில்?

ஸ்பானிய மொழி படிக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலப் பாடநூல் வழியாகத்தான் அதற்குள் நுழைகிறார்கள். அந்தப் பாடநூலில் ‘டேக்’ என்ற சொல்லுக்கு நேரே ‘தோமார்’ என்று போட்டிருக்கும். அதை மனப்பாடம் செய்துகொண்டு மாட்ரிட் போனால், அங்கே பஸ் ஏறுகிறவர்கள் ‘கோஹேர்’ என்கிறார்கள். ஏடிஎம்மில் பணம் எடுப்பவர் ‘சக்கார்’ என்கிறார். செருப்பைக் கழற்றச் சொல்லும்போது ‘கித்தார்’. கடையில் “இதை எடுத்துக்கிறேன்” என்பதற்கு ‘யெவார்’. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை வினைகளா என்று மலைத்துப்போகும்.

மலைக்க வேண்டாம். ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தியதால் வந்த குழப்பம் இது. தமிழில் நாம் எடு, பிடி, கழற்று, பிடுங்கு, கொண்டு போ என்று தனித்தனியாகத்தானே சொல்கிறோம்? ஸ்பானிய மொழியும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் பிரிகிறது. இந்த அத்தியாயத்தில் தமிழிலிருந்து நேராக ஸ்பானிய மொழிக்குப் போவோம். இரண்டு இடங்களில் மட்டும் தமிழும் காலை வாரிவிடும். அங்கே மெதுவாக நடப்போம்.

உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பு. இங்கே ‘ஹ’ என்று எழுதியிருப்பதைத் தொண்டையிலிருந்து கொஞ்சம் கரகரப்பாகச் சொல்லுங்கள். ‘வ’ வரும் இடத்தில் உதடுகள் லேசாகக் கூடட்டும். அது வகரத்துக்கும் பகரத்துக்கும் நடுப்பட்ட ஒலி. ‘யெவார்’ என்பதை புவெனஸ் ஐரிஸ்காரர்கள் ‘ஷெவார்’ என்பார்கள்.

கோஹேர்: எங்கே சொல்லலாம், எங்கே கூடாது

பஸ்ஸைப் பிடிப்பது தினசரி வேலை. அதிலிருந்தே தொடங்கலாம்.

ஸ்பெயினில் “கோஹோ எல் அவுத்தோபூஸ்” என்றால் ‘பஸ் பிடிக்கிறேன்’. மெட்ரோ, டாக்சி, ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் இதே வினைதான். சாவியைக் கையில் எடுப்பது, போனை எடுப்பது, குழந்தையைத் தூக்கிக்கொள்வது, இடம் பிடிப்பது, சளி பிடிப்பது எல்லாமே ‘கோஹேர்’. லத்தீனில் ‘சேர்த்து எடு’ என்ற பொருள் கொண்ட ‘கொல்லிகெரெ’ தேய்ந்துதான் இந்தச் சொல் வந்தது. ஸ்பெயினின் ராயல் அகாதமி அகராதியில் இதற்கு முப்பதுக்கு மேல் பொருள்கள் வரிசையாக இருக்கின்றன.

அந்த வரிசையின் கடைசிப் பக்கம்தான் சிக்கல். மெக்சிகோ, அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, பொலிவியா, வெனிசுலா ஆகிய நாடுகளிலும் மத்திய அமெரிக்காவிலும் ‘கோஹேர்’ என்றால் உடலுறவு கொள்வதைக் குறிக்கும் கொச்சைச் சொல். மாட்ரிட்டில் பள்ளிக்கூட டீச்சர் பிள்ளைகளைப் பார்த்துப் பென்சிலைக் ‘கோஹேர்’ செய்யச் சொல்வார். அதே வாக்கியத்தை புவெனஸ் ஐரிஸ் வகுப்பில் சொன்னால் பாடம் அன்றைக்கு அவ்வளவுதான். ஸ்பானியக் கவிஞர் லோர்கா, காளைச் சண்டையில் இறந்த நண்பர் இக்னாசியோ சான்செஸ் மெஹீயாஸுக்கு எழுதிய புகழ்பெற்ற இரங்கற்பாவின் முதற்பகுதித் தலைப்பிலேயே இந்த வினையிலிருந்து வந்த ‘கொஹீதா’ என்ற சொல் உண்டு; காளை கொம்பால் குத்துவதை ஸ்பெயினில் அப்படித்தான் சொல்வார்கள். அதை வகுப்பில் நடத்தும் அர்ஜென்டினா ஆசிரியர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

லத்தீன் அமெரிக்கா முழுவதும் இப்படி என்று எண்ணிவிடக் கூடாது. கொலம்பியாவில் “கோஹேர் புஸ்” என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். கியூபாவிலும் புவேர்த்தோ ரிக்கோவிலும் ‘குவாகுவா’ என்ற பஸ்ஸைக் ‘கோஹேர்’ செய்வது அன்றாடப் பேச்சு. பஸ்ஸுக்கு ‘குவாகுவா’ என்ற பெயர் ஸ்பெயினின் கேனரி தீவுகளிலும் வழங்குகிறது. ஆனால் சிலியில் ‘குவாகுவா’ என்றால் கைக்குழந்தை. பெயர்ச்சொல்லும் ஊருக்கு ஊர் மாறும் என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இதே வினையிலிருந்து பிறந்த ‘ரெக்கோஹேர்’ (பொறுக்கி எடு, போய்க் கூட்டி வா), ‘எஸ்கோஹேர்’ (தேர்ந்தெடு), ‘என்கோஹேர்’ (சுருங்கு) ஆகிய சொற்களில் எந்த விரசமும் இல்லை. எங்கும் தைரியமாகச் சொல்லலாம். பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டி வருவதற்கு ஸ்பெயினில் ‘ரெக்கோஹேர்’ என்பார்கள். மெக்சிகோக்காரர் “பாஸோ போர் தி” என்பார்: ‘வழியில் வந்து உன்னைக் கூட்டிக்கொள்கிறேன்’. அர்ஜென்டினாவில் “தே பாஸோ அ புஸ்கார்”.

தோமார்: பாதுகாப்பான வழி, ஆனால் கையில் கோப்பை

எந்த நாட்டில் இறங்கப் போகிறோம் என்று தெரியாத ஒருவருக்கு நான் கொடுக்கும் யோசனை, ‘தோமார்’ சொல்லுங்கள் என்பதுதான். “தோமோ எல் அவுத்தோபூஸ்” என்றால் இருபது ஸ்பானிய நாடுகளிலும் புரியும், யாரும் சிரிக்க மாட்டார்கள். மெக்சிகோவில் பஸ்ஸின் பெயர் ‘கமியோன்’, அர்ஜென்டினாவில் ‘கொலெக்தீவோ’, சிலியில் ‘மீக்ரோ’; எல்லாவற்றுக்கும் ‘தோமார்’ பொருந்தும். மெக்சிகோவில் ‘கமியோன்’ ஏறப் பழகியவர் ஸ்பெயினில் அதே சொல்லைச் சொன்னால் லாரியில் ஏறப்போகிறார் என்று நினைப்பார்கள்.

ஸ்பெயினில் சாவியை எடுப்பதற்குத் ‘தோமார்’ சொன்னால் புரியும், ஆனால் எழுத்து நடை மாதிரி ஒலிக்கும். அங்கே குடியேறுகிறவர்கள் கொஞ்ச நாளில் ‘கோஹேர்’-க்கு மாறிவிடுவது நல்லது.

‘தோமார்’-உக்கு இன்னொரு முகம் உண்டு: குடிப்பது. பாடநூலில் குடிப்பதற்குப் ‘பெபேர்’ என்று இருக்கும். தப்பில்லை, ஆனால் காபி, டீ, ஜூஸ் என்று பேச்சில் வரும்போது பெரும்பாலும் ‘தோமார்’தான். ஸ்பெயினில் ஹோட்டல் பணியாளர் உங்கள் மேஜைக்கு வந்து “கே வா அ தோமார்?” என்று கேட்டால், ‘என்ன சாப்பிடுறீங்க?’ என்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் “காபி சாப்பிடுறீங்களா?” என்று கேட்பதற்கு இதைவிட நெருக்கமான வினை கிடைக்காது. அர்ஜென்டினாவில் ‘மாத்தே’ என்ற இலைச் சாறு எப்போதும் ‘தோமார்’தான். சிலியில் மாலைச் சிற்றுண்டியின் பெயர் ‘ஓன்ஸெ’, அதாவது பதினொன்று; அதையும் ‘தோமார்’ செய்கிறார்கள்.

லத்தீன் அமெரிக்காவில் ஒருவர் உங்களிடம் எதையும் குறிப்பிடாமல் வெறுமே “தோமாஸ்?” என்று கேட்டால், மது அருந்துவீர்களா என்று கேட்கிறார். பழக்கம் இல்லாதவர்கள் “நோ தோமோ” என்றால் போதும், வற்புறுத்த மாட்டார்கள். ‘தொமாதோ’ என்று ஒருவரைச் சொன்னால் ஆள் போதையில் இருக்கிறார் என்று பொருள்.

மாத்திரை எடுத்துக்கொள்வது, முடிவெடுப்பது, குறிப்பெடுப்பது மூன்றும் ‘தோமார்’. இங்கே தமிழும் ஸ்பானிய மொழியும் தோளோடு தோள் சேர்ந்து நடக்கின்றன. ஸ்பெயினில் கடற்கரையில் வெயில் காய்வதும் ‘தோமார் எல் சோல்’தான். ‘தோமார் எல் பேலோ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘முடியை எடுப்பது’. பொருள் கிண்டல் செய்வது, காதில் பூ சுற்றுவது. ஒரு பொருளை நீட்டி “இந்தா” என்று சொல்ல “தோமா” என்ற ஒற்றைச் சொல் போதும். பெரியவர்களிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் “அக்கீ தியேனெ” என்று சொல்லுங்கள். அது நம் ‘இந்தாங்க’ போல.

அகர்ரார்

‘கார்ரா’ என்றால் நகம் நீண்ட விலங்கின் பாதம். அதிலிருந்து வந்த ‘அகர்ரார்’ ஸ்பெயினில் இறுகப் பிடிப்பதை மட்டும் குறிக்கும். பைக்கின் பின்சீட்டில் இருப்பவரிடம் “கெட்டியா பிடிச்சுக்கோ” என்று சொல்ல உதவும். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ‘கோஹேர்’ விட்டுப்போன காலியிடத்தை நிரப்புவது இதுதான். சாவியை எடு, பையை எடு, பஸ் பிடி எல்லாவற்றுக்கும் ‘அகர்ரார்’. புவெனஸ் ஐரிஸில் வழி கேட்டால் “அகர்ரா போர் கொர்ரியெந்தெஸ்” என்பார்கள்: கொர்ரியெந்தெஸ் சாலையைப் பிடிச்சுப் போங்க. இரட்டை ரகரத்தில் நாக்கு அதிர வேண்டும்.

பேச்சில் அடிக்கடி காதில் விழும் ஒரு வழக்கு: “அகர்ரோ இ ஸே ஃபுயே”. ஸ்பெயினில் அதுவே “கோஹியோ இ ஸே ஃபுயே”. யாரும் எதையும் எடுக்கவில்லை. ‘அவன் பாட்டுக்கு எழுந்து போயிட்டான்’, அவ்வளவுதான்.

சக்கார்: நம்ம ஊர் ‘எடு’

எனக்குப் பிடித்த வினை இது. தமிழர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கவே வேண்டியதில்லை. உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது ‘சக்கார்’-இன் அடிப்படைப் பொருள். ஏடிஎம்மில் பணம் எடுப்பது, பையிலிருந்து புத்தகத்தை எடுப்பது, குப்பையை வெளியே கொண்டு வைப்பது, பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பது, கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது எல்லாம் இதில் அடங்கும்.

அதோடு நிற்கவில்லை. டிக்கெட் எடுப்பது, லைசென்ஸ் எடுப்பது, பாஸ்போர்ட் எடுப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, பரீட்சையில் நல்ல மார்க் எடுப்பது எல்லாமே ‘சக்கார்’. மதுரை டவுன் பஸ்ஸில் கண்டக்டர் “டிக்கெட் எடுத்தாச்சா?” என்று கேட்பதைச் சொல் மாற்றாமல் ஸ்பெயினுக்குக் கொண்டு போகலாம். இங்கெல்லாம் ஆங்கிலம் வேறு வேறு வினைகளுக்குத் தாவுகிறது. அதனால்தான் ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள் ‘சக்கார்’-ஐத் தொடுவதே இல்லை. எல்லா இடத்திலும் ‘தோமார்’ போட்டுத் தள்ளுகிறார்கள்.

போட்டோ எடுப்பதில் மட்டும் நாடு பார்க்க வேண்டும். மெக்சிகோவில் ‘தோமார்’, அர்ஜென்டினாவில் ‘சக்கார்’, ஸ்பெயினில் ‘சக்கார்’ அல்லது செய்வதைக் குறிக்கும் ‘அஸேர்’. எதைச் சொன்னாலும் உங்கள் போனை வாங்கி ஒரு படம் எடுத்துக் கொடுப்பார்கள்.

‘எடு’ வருகிற இடமெல்லாம் இந்த வினைகள் பொருந்தும் என்று நம்பிவிடவும் கூடாது. பசி எடுப்பதும் வாந்தி எடுப்பதும் ஓய்வெடுப்பதும் ஸ்பானிய மொழியில் எடுக்கும் வினைகளே இல்லை. பசிக்கு, பசியை ‘வைத்திருக்கிறேன்’ என்கிற மாதிரி “தெங்கோ ஆம்ப்ரே”. மற்ற இரண்டுக்கும் ‘வொமித்தார்’, ‘தெஸ்கன்ஸார்’ என்று தனி வினைகள் உண்டு.

கித்தார்

இசைக்கருவி அல்ல. ஒட்டியிருப்பதை, மேலே இருப்பதை அகற்றுவது. ஷூவைக் கழற்று, கறையை நீக்கு, மேஜையில் சாப்பிட்ட தட்டுகளை எடு. தன் உடம்பிலிருந்து கழற்றும்போது ‘கித்தார்ஸெ’ என்று ‘ஸெ’ சேரும். அர்ஜென்டினாவில் இங்கேயும் ‘சக்கார்ஸெ’ என்பார்கள்.

ஒருவர் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதும் இதுதான். “மெ கித்தாரோன் எல் மோவில்” என்றால் ‘என் போனைப் பிடுங்கிட்டாங்க’. போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்க நேர்ந்தால் இந்த வாக்கியம் உதவும். ‘தோமார்’ போட்டுச் சொன்னால், யாரோ எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததாகக்கூட நினைப்பார்கள்.

யெவார், திராயேர்: ‘வர்றேன்’ என்று சொல்லாதீர்கள்

‘யெவார்’ என்றால் கொண்டு போ. ‘திராயேர்’ என்றால் கொண்டு வா. ஆட்களுக்கும் இவையே போதும். கூட்டிப் போவதற்கும் கூட்டி வருவதற்கும் தனிச் சொல் தேட வேண்டாம். ஹோட்டலில் “மெ திராயெ லா குவேந்தா, போர் ஃபவோர்?” என்றால் ‘பில் கொண்டு வர்றீங்களா?’. பார்சல் வேண்டுமானால் “பாரா யெவார்”. துணிக்கடையில் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு “மெ யேவோ எஸ்தா” என்றால் ‘இதை எடுத்துக்கிறேன்’. ‘வாங்கு’ என்ற பொருளுள்ள ‘கொம்ப்ரார்’ இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். கடைக்காரரிடம் பேசும்போது அவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள், நம்மைப் போலவே.

இதுவரை எளிது. இனிமேல்தான் தமிழ் நம்மை ஏமாற்றும்.

நண்பர் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறார். உள்ளேயிருந்து நாம் “இதோ வர்றேன்” என்கிறோம். கேட்பவர் இருக்கும் இடத்துக்குப் போவதையும் தமிழ் ‘வருவது’ என்றே சொல்கிறது. ஸ்பானிய மொழி அப்படிச் சொல்லாது. பேசுகிறவர் இப்போது நிற்கும் இடத்தை நோக்கினால் மட்டுமே ‘வெனீர்’, அதாவது வா. மற்ற எல்லாத் திசைக்கும் ‘ஈர்’, அதாவது போ. எனவே “இதோ வர்றேன்” என்பதற்கு “யா வோய்”. ‘இதோ போகிறேன்’ என்பது போலத்தான் சொல்ல வேண்டும். அழைப்புமணி அடித்ததும் நம் வாயில் “வெங்கோ” என்று வந்துவிடும். அடக்க வேண்டும்.

போனில் நடக்கும் இந்தப் பேச்சைப் பாருங்கள். உங்கள் தோழி தன் வீட்டிலிருந்து கேட்கிறார்: “வியேனெஸ் மன்யானா?” ‘நாளைக்கு வர்றியா?’ அவர் தம் வீட்டிலிருந்து கேட்பதால் ‘வா’. நீங்கள் உங்கள் வீட்டிலிருந்து பதில் சொல்கிறீர்கள்: “ஸி, வோய்.” ‘போகிறேன்’. கேள்வியில் ஒரு வினை, பதிலில் இன்னொரு வினை. கேள்வியில் வந்த வினையையே பதிலில் திருப்பிச் சொல்லிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

கொண்டு வருவதும் அப்படியே. தோழியின் வீட்டு விருந்துக்கு ஸ்வீட் வாங்கி வருவதாகச் சொல்ல வேண்டும். தமிழில் “நான் ஸ்வீட் கொண்டு வர்றேன்”. ஸ்பானிய மொழியில் “யேவோ துல்ஸெஸ்”: கொண்டு போகிறேன். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு டப்பாவை நீட்டும்போது “தெ திராய்கோ துல்ஸெஸ்” என்று ‘திராயேர்’-க்கு மாறலாம். ஏனென்றால் இப்போது நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள்.

பார்சிலோனாவில் சிலர் “வெங்கோ” என்று நம்மைப் போலவே சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அவர்களுடைய தாய்மொழியான கத்தலான், இந்த விஷயத்தில் தமிழின் பக்கம். அந்தப் பழக்கம் அவர்களது ஸ்பானியப் பேச்சிலும் எட்டிப் பார்க்கும். அதேபோல ஸ்பெயினில் ஒருவர் எழுந்து “அவோரா வெங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனால், அது நம் ‘போயிட்டு வர்றேன்’: போய்விட்டு இதே இடத்துக்குத் திரும்புவார். விடைபெறும் சொல் அதுவல்ல. ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது, மறுபடி எப்போது வருவீர்கள் என்று தெரியாத நிலையில், “மெ வோய்” என்பதுதான் சரி. ‘போறேன்’ என்று அபசகுனமாகச் சொல்கிறோமே என்ற தயக்கம் தமிழர்களுக்கு வரும். அங்கே யாருக்கும் அப்படித் தோன்றாது.

‘யெவார்’-உக்கு வேறு வேலைகளும் உண்டு. கண்ணாடி அணிந்திருப்பது, கையில் பணம் வைத்திருப்பது இரண்டையும் ஸ்பெயினில் ‘யெவார்’ என்பார்கள், மெக்சிகோவில் ‘திராயேர்’. ஒரு ஊரில் இரண்டு வருடமாக இருக்கிறேன் என்பதற்கும் ‘யெவார்’: “யேவோ தோஸ் ஆன்யோஸ் அக்கீ”. ‘திராயேர்’-இன் இறந்தகாலம் மட்டும் வழிமாறிப் போகும். ‘கொண்டு வந்தேன்’ என்பது ‘திராஹெ’. கோட்டு சூட்டுக்கும் அதே சொல் என்பதால் “திராஹெ உன் திராஹெ” என்றால் ஒரு சூட் கொண்டு வந்தேன்.

நேரம் எடுப்பதற்கு ஸ்பெயினில் ‘தர்தார்’, கொலம்பியா, சிலி, பெரு நாடுகளில் ‘தெமொரார்ஸெ’. இந்த அளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

பயிற்சி

கீழே உள்ளவற்றுக்கு எந்த வினை வரும் என்று முதலில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். நீங்கள் இருப்பது மெக்சிகோ நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“நாலு காப்பி ஜெராக்ஸ் எடுக்கணும்.”
“மெட்ரோ பிடிச்சு வந்துடு.”
“ஷூவைக் கழட்டிட்டு உள்ளே வா.”
“எனக்குக் குடிப் பழக்கம் இல்லைங்க.”
போனில்: “உங்க வீட்டுக்கு என் தம்பியையும் கூட்டிட்டு வரலாமா?”
கதவு தட்டப்பட்டதும் உள்ளேயிருந்து: “இதோ வர்றேன்!”

விடைகள்: ஜெராக்ஸுக்கு ‘சக்கார்’. மெட்ரோவுக்குத் ‘தோமார்’ அல்லது ‘அகர்ரார்’. ‘கோஹேர்’ என்று சொன்னவர்கள் பயணச்சீட்டை மாட்ரிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஷூவுக்குக் ‘கித்தார்ஸெ’. குடிக்கு “நோ தோமோ”. தம்பிக்கு ‘யெவார்’. கதவுக்கு “யா வோய்”.

கடைசி இரண்டும் தவறியிருந்தால் அடுத்த அத்தியாயத்துக்குப் போக வேண்டாம். ‘யெவார்’ பகுதிக்குத் திரும்பி, அந்த உரையாடலை இன்னொருவரோடு சேர்ந்து வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். ஒருவர் வாசலிலும் மற்றவர் அடுத்த அறையிலும் நின்றால் இன்னும் நல்லது.